பழைய பைக்... வேகத் தாத்தா!

1967ம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. மரம் இல்லை, செடி இல்லை, ஒரு புல் கூட இல்லை. அந்த உப்பு வெளியின் நடுவே, மீன் போன்ற கூடு மாட்டிய ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதற்குள் குப்புறப் படுத்த மாதிரி உடம்பைச் சுருக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு தாத்தா.

தாத்தாவுக்கு வயது 68. வண்டிக்கு வயது 47!

சுற்றி நின்றவர்களிடம் எல்லாம் புத்தம் புது இயந்திரங்கள். இவருடைய வண்டியோ, 1920ல் வாங்கியது. கடையை விட்டு வந்த நாளில், மணிக்கு 89 கி.மீ.,க்கு மேல் அதனால் ஓட முடியாது. ஆனால், அன்றைக்கு அந்த உப்புத் தரையில் அது மணிக்கு ஏறக்குறைய 296 கி.மீ., வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தது.

இது எப்படி முடிந்தது? அந்தத் தாத்தாவின் கதையைக் கேட்டால் புரியும்.

அவர் பெயர் பர்ட் மன்ரோ. நியூசிலாந்து நாட்டுக்காரர். உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வலது பக்கம், இரண்டு பெரிய தீவுகளாக இருக்கிறதே, அதுதான் நியூசிலாந்து. அதில் தெற்குத் தீவின் அடிப்பகுதியில், ஏறக்குறைய நாட்டின் கடைசி முனையில் இருக்கிறது இன்வர்கார்கில் என்ற ஊர். அங்கேதான் 1899 மார்ச் 25ல் பிறந்தார். அவருடன் இரட்டையராகப் பிறந்த தங்கைப் பாப்பா, பிறந்தவுடனே இறந்து போனது. இவர் மட்டும் பிழைத்தார்.

அப்பா விவசாயி. இன்வர்கார்கிலுக்குப் பக்கத்தில், ஈடன்டேல் என்ற இடத்தில் பண்ணை. சிறுவன் பர்ட்டுக்கு மாடு மேய்ப்பதிலும் மண் கொத்துவதிலும் அவ்வளவாக மனம் போகவில்லை. வேகமாகப் போகும் எது கிடைத்தாலும் போதும்! வீட்டிலிருந்த குதிரைகளிலேயே வேகமான குதிரை எதுவோ, அதில் தாவி ஏறி, பண்ணையைச் சுற்றி விரட்டுவான். அப்பா திட்டுவார். காதில் வாங்கினால்தானே!

அது கார்களும், மோட்டார் சைக்கிள்களும், விமானங்களும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த காலம். நியூசிலாந்தின் மூலையில் இருந்த அந்தப் பண்ணைக்கு, இந்த அதிசயங்கள் பற்றிய செய்திகள்தான் முதலில் வந்தன. பர்ட்டின் கனவெல்லாம் இயந்திரங்களாகவே ஆகி விட்டன. 16 வயதில் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு இன்னொன்று.

அதன் பின், 1920ம் ஆண்டு. பர்ட்டுக்கு 21 வயது. அப்போதுதான் அந்த வண்டியை வாங்கினார். அதன் பெயர், இந்தியன் ஸ்கவுட்.

பெயரைப் பார்த்து நம்ம ஊர் வண்டி என்று நினைத்து விடாதீர்கள்! அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தயாரான வண்டி அது. அமெரிக்காவின் பழங்குடி மக்களைத்தான் அந்தக் காலத்தில் இந்தியர்கள் என்று தவறாக அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரைக் கம்பெனி வைத்துக் கொண்டது. பர்ட் வாங்கியது, ஸ்கவுட் வகையில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 627வது வண்டி. இரண்டு சிலிண்டர். எஞ்சின் அளவு 600 சி.சி.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சில வருடம் ஓட்டுவார்கள். பழசானதும் விற்று விட்டுப் புதிதாக ஒன்று வாங்குவார்கள். பர்ட் அதைச் செய்யவே இல்லை. வாழ்நாளின் கடைசி வரைக்கும் அந்த வண்டியை அவர் விடவில்லை; 57 வருடங்கள்!

வாங்கிய ஆறு வருடத்தில், 1926ல், வண்டியைப் பிரித்து மேய ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும், இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். ஆனால், கையில் பணம் இல்லை. உலகமே பொருளாதார நெருக்கடியில் தவித்த 1930களில், அப்பாவின் பண்ணைக்கே திரும்பி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு, மோட்டார் சைக்கிள் விற்கும் வேலையும், பழுது பார்க்கும் வேலையும் கிடைத்தன. இரவெல்லாம் தன் வண்டியோடு மல்லுக்கட்டுவார். விடிந்ததும் வேலைக்குப் போய் விடுவார்.

கடையில் உதிரி பாகம் வாங்கப் பணமில்லாதவர் என்ன செய்வார்? தானே செய்து கொள்வார்!

எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன் இருக்கிறதல்லவா? அதை வாங்கவில்லை. உலோகத்தை உருக்கி, பழைய தகர டப்பாக்களில் ஊற்றி, தானே வார்த்தார். பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்? எரிவாயு கொண்டு போகும் பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் குடைந்து செய்தார். பிஸ்டனையும் சுழலும் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடுக்கு, கனரக வண்டியின் பழைய அச்சை எடுத்து, அறுத்து, அரத்தால் ராவி ராவி உருவாக்கினார். மாதக் கணக்கில் நடந்த வேலை அது. ராவி முடித்த பின், நெருப்பில் காய்ச்சி எஃகைக் கடினமாக்குவதும் அவரே.

அளவு எடுக்கும் கருவிக்குக் கூட அவர் செலவு செய்யவில்லை. தலைமுடியின் கனத்தைக் கூட அளக்கிற மைக்ரோமீட்டர் என்ற கருவியை மெக்கானிக்குகள் பயன்படுத்துவார்கள். பர்ட்டுக்கு மைக்ரோமீட்டர் எது தெரியுமா? சக்கரத்திலிருந்து கழற்றிய பழைய போக்ஸ் கம்பி ஒன்று!

எல்லாம் சரியாக வந்து விடுமா? வராது. வார்த்த பிஸ்டன் வெடிக்கும். ராவிய ராடு முறிந்து எஞ்சினைக் கிழித்துக் கொண்டு வெளியே வரும். முறிந்ததை அவர் குப்பையில் போடவில்லை. தன் கொட்டகையில் ஓர் அலமாரி வைத்து, உடைந்த பாகங்களை வரிசையாக அடுக்கினார். அவை எல்லாம் வேகத்தின் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கைகள் என்று அதில் எழுதியும் வைத்தார். கோவிலில் உண்டியல் நிரம்புகிற மாதிரி, வருடத்துக்கு வருடம் அந்த அலமாரி நிரம்பிக் கொண்டே போனது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, சக்கரத்துக்கு வருவோம். எஞ்சினைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால், எஞ்சின் எவ்வளவு வேகம் கொடுத்தாலும், சக்கரம் ஒழுங்காகச் சுற்றா விட்டால் என்ன பயன்?

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 296 கி.மீ., என்றால், ஒரு விநாடிக்கு 82 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வைத்துக் கொண்டால், நீங்கள் ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சக்கரம் 41 தடவை சுற்றியிருக்கும்! உங்கள் சைக்கிளை மணிக்கு 15 கி.மீ., வேகத்தில் மிதித்தால், விநாடிக்கு இரண்டு சுற்றுதான்.

அச்சு அசையாமல் நிற்கிறது. சக்கரம் அதைச் சுற்றி ஓடுகிறது. இரண்டும் நேராக உரசினால் சூடேறி, தேய்ந்து, கடைசியில் ஒன்றையொன்று கவ்விக் கொள்ளும். அப்படி உரசாமல் காப்பாற்றுவதுதான் பேரிங். நம்ம ஊர்ப் பட்டறைகளில் பால்ரஸ் என்பார்கள். பழைய பால்ரஸ் கிடைத்தால் அதை வைத்துத் தள்ளுவண்டி செய்து விளையாடிய அனுபவம், உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் எஃகுக் குண்டுகள். அவ்வளவுதான்.

அதன் ரகசியத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். கனமான ஒரு புத்தகத்தைத் தரையில் வைத்துத் தள்ளுங்கள். தேய்த்துக் கொண்டு போகும். இப்போது அதன் அடியில் ஏழெட்டுக் கோலிக்குண்டுகளைப் போட்டுத் தள்ளுங்கள். வழுக்கிக் கொண்டு ஓடும்! உரசுவதை விட உருளுவது எளிது. பால்ரஸ் செய்வது அதைத்தான்.

பர்ட் மாதிரிப் பழைய வண்டியைப் புதுப்பித்து ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, இந்தச் சக்கரத்துப் பால்ரஸ். வருடக் கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் கிரீஸ் காய்ந்து மெழுகு போலக் கெட்டியாகி விடும். ஈரம் புகுந்தால், குண்டுகளிலும் அவை ஓடுகிற பாதையிலும் துருப் பிடித்து, ஊசி முனை அளவுக்குக் குழிகள் விழும். சின்னக் குழிதானே என்று விட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் குண்டு அதில் விழுந்து எழும். குழி பெரிதாகும்.

கெட்டுப் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்துக் கொண்டு, டயரின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். லொட லொட என்று ஆடினால் தேய்ந்து விட்டது என்று பொருள். பிறகு மெதுவாகச் சுழற்றி விட்டு, வண்டியின் மேல் கை வைத்துப் பார்ப்பார்கள். நற நறவென்று உணர்ந்தால், அதுவும் கெட்டதுதான்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில், உங்கள் சைக்கிளில் இருக்கிற மாதிரியே கப், கோன், தனித்தனிக் குண்டுகள்தான். கோனை அதிகம் இறுக்கினால் சக்கரம் இறுகிச் சூடேறும். தளர விட்டால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிப்பது, விரல்களுக்குத்தான் தெரியும். குண்டு தேய்ந்தால் குண்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. கப்பிலும் கோனிலும் குழி விழுந்திருந்தால், புதுக் குண்டும் சீக்கிரமே கெட்டுப் போகும்.

பிற்கால வண்டிகளில், குண்டும் வளையமும் ஒன்றாகச் சேர்ந்த பால்ரஸ், சக்கரத்தின் குடத்துக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். அதைக் கழற்ற, குடத்தைக் கொஞ்சம் சூடாக்குவார்கள். சூடு பட்டால் உலோகம் விரியும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். குடம் விரிந்து பிடி தளரும். உள்ளிருந்து மெல்லத் தட்டினால் பழைய பால்ரஸ் வெளியே வந்து விடும். புதியதை மாட்டும்போது, சிலர் அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்து விடுவார்கள். குளிரில் அது கொஞ்சம் சுருங்கும் அல்லவா? விரிந்த குடத்தில், சுருங்கிய பால்ரஸ் சிரமமில்லாமல் போய் உட்காரும்.

இதில் ஒரு முக்கிய விஷயம். புதியதைத் தட்டி உள்ளே இறக்கும்போது, வெளி வளையத்தில்தான் தட்ட வேண்டும். அவசரப்பட்டு உள் வளையத்தில் தட்டினால், அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், பாதையில் பள்ளம் விழுத்தி விடும். வண்டி ஓடுவதற்கு முன்பே புதுப் பால்ரஸ் பாழ்! இரண்டு பக்கத்துப் பால்ரஸ்களுக்கும் நடுவே ஒரு சிறு குழாய் இருக்கும். அதை மறந்து விட்டு அச்சை முறுக்கினாலும் இதே கதிதான். நல்ல மெக்கானிக் வேலையைப் பாருங்கள். சுத்தியலை விட, யோசிக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

சரி, பர்ட்டிடம் திரும்புவோம்.

இன்வர்கார்கிலுக்குப் பக்கத்தில் ஒரெட்டி என்று ஒரு நீண்ட கடற்கரை. அலை உள்வாங்கியதும், ஈர மணல் சாலையைப் போலக் கெட்டிப்படும். பர்ட்டுக்கு அதுதான் பந்தயச் சாலை. எஞ்சினில் ஏதாவது மாற்றம் செய்வார், கடற்கரைக்குக் கொண்டு போய் விரட்டிப் பார்ப்பார், உடையும், திரும்பி வந்து மறுபடியும் பிரிப்பார். 1940ல் நியூசிலாந்துச் சாலைச் சாதனை, மணிக்கு 194 கி.மீ., 1957ல் ஒரெட்டி கடற்கரையில், மணிக்கு 211 கி.மீ.

ஆனால், இதற்கெல்லாம் அவருடைய குடும்பம் ஒரு விலை கொடுத்தது. அவருக்கு மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் பட்டறையிலேயே கிடக்கிற மனிதரோடு குடும்பம் நடத்துவது சுலபமா? 1947ல் விவாகரத்து ஆனது. அதன் பிறகு, வண்டிகள் நின்ற கொட்டகையிலேயே ஒரு கட்டிலைப் போட்டுக் கொண்டு வாழ்ந்தார். வேலையையும் விட்டு விட்டு, முழு நேரமும் வண்டியே கதி என்று ஆகி விட்டார். பர்ட்டின் வெற்றியைப் பாராட்டுகிற நாம், இதையும் தெரிந்து கொள்ளத்தான் வேண்டும்.

1953ல், இந்தியன் வண்டியைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலையே உற்பத்தியை நிறுத்தியது. பர்ட்டுக்குக் கவலையே இல்லை. அந்த நேரத்தில் அவருடைய வண்டியில், தொழிற்சாலை செய்த பாகங்களை விட, அவர் செய்த பாகங்கள்தான் அதிகம்!

கடற்கரை அவருக்குப் போதவில்லை. வேகம் எடுக்க நீளமான இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடம்தான் யூட்டாவின் போனவில் உப்பு வெளி. பல ஆயிரம் வருடங்களுக்கு முன், அங்கே பிரமாண்டமான ஏரி ஒன்று இருந்தது. அது வற்றிப் போய், தட்டையான உப்புத் தரை மட்டும் மிஞ்சியது. கோடையில் காய்ந்து சிமென்ட் போலாகி விடும். மேடு பள்ளம் கிடையாது. ஆகஸ்ட் மாதத்தில், உலகின் வேகப் பைத்தியங்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள்.

முதல் தடவை, பர்ட் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனார். பார்த்து விட்டு வந்தவருக்குத் தூக்கம் வருமா? காற்றைக் கிழித்துக் கொண்டு போக, வண்டிக்கு மேல் மாட்டும் கூட்டை அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி உருவாக்கினார். டயரில் இருந்த பட்டன்களைக் கத்தியால் சீவி எடுத்தார். அதிக வேகத்தில் அவை பிய்த்துக் கொண்டு பறந்து விடுமே!

1962ல் வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு அமெரிக்கா போனார். அப்போது அவருக்கு வயது 63. எஞ்சினை 850 சி.சி.,யாகப் பெரிதாக்கியிருந்தார். வந்திருந்தவர்களில் சிலர் சிரித்திருப்பார்கள். கையால் ராவிய பாகங்களும், சீவிய டயரும், அதற்கு மேல் ஒரு தாத்தாவும்! ஆனால், வண்டி ஓடியதும் சிரிப்பு நின்றிருக்கும். மணிக்கு 288 கி.மீ.! 883 சி.சி., வரையிலான பிரிவில் அது உலக சாதனை.

உப்புத் தரையில் ஓடி முடித்தால், வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பொடி உப்பு, வண்டியின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து விடும். கழுவாமல் விட்டால், சங்கிலி, பால்ரஸ், போல்ட், நட்டு என்று எல்லாவற்றையும் துரு தின்று விடும். அங்கே போட்டியிடுகிற யாராக இருந்தாலும், ஊருக்குப் போனதும் வண்டியைப் பிரித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

பர்ட் மறுபடி மறுபடி அங்கே போனார். மொத்தம் பத்துத் தடவை! 1966ல் எஞ்சின் 920 சி.சி., வேகம் 270 கி.மீ. வேறு பிரிவில் அதுவும் ஒரு சாதனை.

பிறகுதான் அந்த 1967. எஞ்சின் இப்போது 950 சி.சி., தகுதி ஓட்டத்தில் ஒரு பக்கமாகப் போனபோது, மணிக்கு 305.89 கி.மீ., என்று கடிகாரம் காட்டியது. ஆனால், சாதனை என்று எழுத, ஒரு பக்கம் ஓடினால் போதாது. போன வழியே எதிர்த் திசையிலும் ஓட வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளி விட்டால், மறுபக்கம் தடுக்கும் அல்லவா? அதனால், இரண்டின் சராசரிதான் கணக்கு. அப்படிப் பார்த்து எழுதப்பட்ட வேகம், மணிக்கு 183.59 மைல். அதாவது, ஏறக்குறைய 295.5 கி.மீ. ஆயிரம் சி.சி., வரையிலான பிரிவில் உலக சாதனை! (கதையின் முதலில் 296 என்று சொன்னேனே, ஏன் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.)

அதே 1967ல் நடந்த இன்னொரு ஓட்டத்தைப் பற்றிப் பர்ட் பின்னர் சொல்லியிருக்கிறார். பாதித் தூரம் தாண்டியதும், வண்டி திடீரென்று இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. அந்த வேகத்தில் வண்டி ஆடினால், என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேகத்தைக் குறைக்க, படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடம்பு காற்றைத் தடுத்தால் வண்டி மெதுவாகும் என்பது அவர் கணக்கு. காற்றோ அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. கண் தெரியவில்லை! உப்பில் வழி காட்டப் போட்டிருந்த கறுப்புக் கோட்டை விட்டு, வண்டி எங்கோ விலகி ஓடியது. நட்டு வைத்திருந்த ஓர் இரும்புக் கம்பத்தில் மோத, சில அங்குலம்தான் பாக்கி. கடைசியில், வண்டியை வேண்டுமென்றே சாய்த்து விழுந்தார். சில சிராய்ப்புகளோடு தப்பினார்.

68 வயதில்!

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல மறந்து விட்டேன். அவருடைய முழுப் பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. அதைச் சுருக்கி பெர்ட் என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். அமெரிக்க மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்று, அச்சில் ஓர் எழுத்தை மாற்றி பர்ட் என்று போட்டு விட்டது. அவர் கோபப்படவில்லை. அதையே தன் பெயராக வைத்துக் கொண்டு விட்டார்!

நெஞ்சுவலி அவரை 1950களின் கடைசியிலிருந்தே தொல்லைப்படுத்தி வந்தது. 1977ல் பக்கவாதம் வந்தது. கை கால்கள் முன்போல ஒத்துழைக்கவில்லை. இனி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும், தன் வண்டிகள் வெளியூர் போய் விடக் கூடாது என்று நினைத்தார். இன்வர்கார்கில் வியாபாரி நார்மன் ஹேய்ஸ் என்பவருக்கே விற்று விட்டார். 1978 ஜனவரி 6ல், 78வது வயதில் காலமானார்.

ஹேய்ஸ் குடும்பத்தினர் நடத்துவது, இரும்புச் சாமான் கடை. ஆணி, சுத்தியல், மண்வெட்டி வாங்க வருகிறவர்கள், போகிற போக்கில் அந்தப் பழைய இந்தியனையும் அங்கே பார்க்கலாம். அருங்காட்சியகத்தை விட, அந்த மனிதருக்கு இரும்புக் கடைதான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

ரோஜர் டொனால்ட்சன் என்ற இயக்குனர், பர்ட் உயிரோடு இருந்தபோதே, 1971ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுத்தார். அதே இயக்குனர், 2005ல் முழு நீளத் திரைப்படமும் எடுத்தார். பர்ட்டாக நடித்தவர், ஆந்தனி ஹாப்கின்ஸ். பர்ட்டின் பல பயணங்களைச் சுருக்கி, ஒரே பயணத்தில் நடந்த மாதிரி காட்டியிருப்பார்கள், சினிமா அல்லவா! 2006லிருந்து, அவர் பெயரால் அவருடைய ஊரில் மோட்டார் சைக்கிள் பந்தயத் திருவிழா நடத்தத் தொடங்கினார்கள். ஒரெட்டி கடற்கரையிலும் வண்டிகள் ஓடுகின்றன.

இனி, அந்த 296க்கு வருவோம். பர்ட்டின் மகன், அப்பாவின் 1967 சாதனைக் கணக்கை எடுத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். ஏதோ உதைத்தது. இரண்டு ஓட்டங்களின் சராசரியைக் கூட்டிக் கழித்ததில், சாதனையை எழுதிய அமெரிக்கச் சங்கத்தினர் தவறு செய்திருந்தார்கள்! எழுதிப் போட்டார். சங்கத்தினர் சரி பார்த்தார்கள். தவறு உண்மைதான்.

2014ல், பதிவேட்டில் 183.59 என்பதை அடித்து விட்டு, 184.087 மைல் என்று திருத்தினார்கள். அதாவது, மணிக்கு 296.26 கி.மீ. பர்ட் இறந்து 36 வருடங்கள் கழித்து, அவருடைய பழைய வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது!